கறுப்பு மரத்தில் வெள்ளைப் புள்ளி

ஈட்டிப் பலகையின் மேல் ஊசி குத்திய தாளை விரியுங்கள். வெள்ளைப் பொடி கட்டிய துணி முடிச்சால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். பிறகு தாளின் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கன்னங்கரிய மரத்தின் மேல் ஓர் அன்னப்பட்சி கழுத்தை வளைத்து நிற்கும். அதன் வால் சுருள் சுருளாகப் பலகையின் மூலைவரை ஓடியிருக்கும். அலகில் கவ்விய கொடி, கொடியில் தொங்கும் மொட்டு, மொட்டின் நுனி எல்லாமே புள்ளி புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். மரவேலையில் இதைவிட அழகான நொடி எனக்குத் தெரிந்து இல்லை. செதுக்கி முடித்துப் பாலிஷ் போட்டுச் சுவரோரம் சாய்த்து வைக்கும்போது ஒரு மகிழ்ச்சி வரும், உண்மைதான். ஆனால் அதில் முதுகுவலியும் சேர்ந்திருக்கும். தாளைத் தூக்கும் இந்த நொடியில் இருப்பது வெறும் குதூகலம்.

சடையங்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் இந்த வேலையைப் பழகிய நாளிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றித்தான் பேசுகிறேன். இப்போது எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். கறுத்த மரத்தில் செதுக்க ஆசைப்பட்டு, கோடு தெரியவில்லையே என்று பலகையை மூலையில் சாத்திவிட்ட ஒருவராவது இதைப் படித்து அதை மறுபடி எடுத்து வைத்தால் எனக்குப் போதும்.

வெளிர் மரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே கிடையாது. வேம்பு, குமிழ், மா போன்ற மரங்களில் பென்சிலால் வரைந்தால் கோடு கோடாகத் தெரியும். நீலக் கார்பன் தாளை வைத்துப் பேனாவால் அழுத்தினாலும் போதும். ஈட்டி வேறு ஜாதி. அதன் வைரம் ஊதா கலந்த கறுப்பு, நடுநடுவே இன்னும் கறுத்த வரிகள். கருங்காலியைச் சொல்லவே வேண்டாம். தூங்குமூஞ்சி மரத்துக்கு வெளிவட்டம் மஞ்சளாக இருக்கும், உள்ளே வைரம் காப்பிக்கொட்டை நிறம். நூறு வருஷம் வீட்டுக்குள் இருந்த பர்மா தேக்கும் புகையும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப் போயிருக்கும். இவற்றின் மேல் பென்சில் கோடு போட்டால் பலகையைச் சாய்க்கும்போது ஈயம் மின்னும், நேரே வைத்தால் மறைந்துவிடும். கார்பன் கோடு மரத்தோடு மரமாகிவிடும். கோடு தெரியாத இடத்தில் உளி ஊகத்தில்தான் நடக்க வேண்டும். ஒரு மயிர் தப்பினாலும் அன்னத்தின் கழுத்து போய்விடும். வெட்டிய மரம் திரும்ப ஒட்டாது.

ஆனாலும் கறுத்த மரத்தின் மேல் உள்ள பிரியம் விடாது. எங்கள் பக்கத்தில் வாழ்கிறவனுக்கு அது இயல்பாகவே வந்துவிடும். சடையங்குப்பம் கொசஸ்தலை ஆற்றோரம், மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் வயலும் தண்ணீரும், மறு பக்கம் சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கிகளும் கன்டெய்னர் யார்டுகளும். பக்கத்திலேயே பர்மா நகர். 1962இல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கிய பிறகு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முன்பே அதே கடல் வழியாக பர்மா தேக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் பழைய வீடுகளை இடிக்கும்போது உத்தரமும் நிலையும் ஜன்னல் சட்டமுமாக இன்றைக்கும் அந்தத் தேக்கு வெளியே வருகிறது. வடசென்னையின் பழைய மரக்கடைகளில் அது எடைக்கும் அடிக்கும் கிடைக்கிறது. மேல்தோலை இழைப்புளியால் ஒரு சீவு சீவினால் எழுகிற வாசனை இருக்கிறதே, அதற்காகவே அந்தக் கடைகளில் நாள் முழுக்க நிற்கலாம்.

துறைமுகத்தின் இன்னொரு கொடை முட்டுக்கட்டை மரம். கப்பலில் இயந்திரங்கள் உருளாமல் இருக்க அடியில் செருகி வருகிற கட்டைகளில் சில, தென்கிழக்கு ஆசியக் காடுகளின் செம்பழுப்புக் கடின மரங்கள். வாங்கும்போது அதில் அடித்திருக்கும் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் நடுமரம்வரை 56 டிகிரிச் சூடு ஏறி 30 நிமிடம் நிற்கும்படி சுட்டுப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் விஷப்புகை போட்டது, அதைத் தொட வேண்டாம். ஈட்டியைப் பொறுத்தவரை நான் பழைய கட்டில் தலைமாட்டுப் பலகை, உடைந்த நாற்காலி முதுகு ஆகியவற்றைத்தான் எடுக்கிறேன். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைக் காக்க 1994இல் தனிச் சட்டமே வந்தது. உலக அளவிலும் 2017 முதல் அந்த மர இனம் முழுவதற்கும் வணிகக் கட்டுப்பாடு இருக்கிறது. பழைய மரத்துக்கு மறுபிறவி கொடுப்பதில் மனசுக்கும் ஒரு நிறைவு.

சரி, கோட்டுக்கு வருகிறேன். இதற்கு மருந்து எங்கள் தெருவிலேயே இருந்தது.

வடசென்னையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆரி வேலைச் சட்டம் நிற்கும். கல்யாண பிளவுஸில் மணியும் ஜமிக்கியும் ஜரிகையும் வைத்துத் தைக்கும் வேலை. எதிர்வீட்டு அக்கா அதில் தேர்ந்தவர். கறுத்த ஈட்டிப் பலகையோடு நான் மல்லுக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் வாசலில் நின்று கேட்டார்: “இன்னா தம்பி, கறுப்பு பிளவுஸுக்கு கார்பன் போட்டா தெரியுமா? மரத்துக்கு மட்டும் எப்டித் தெரியும்? வா, நான் எப்டிப் போடுறேன்னு பாரு.”

போய்ப் பார்த்தேன். ட்ரேசிங் ஷீட்டில் டிசைன். அதன் கோடு முழுக்க ஊசிக் குத்து. சட்டத்தில் இழுத்துக் கட்டிய கறுப்புப் பட்டின் மேல் அந்த ஷீட்டை வைத்தார். ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்து, ஒரு துண்டுத் துணியில் தொட்டு, ஷீட்டின் மேல் ஒரு இழுப்பு. தூக்கினார். பட்டின் மேல் மயில்! வெளிர் துணிக்கு நீலப் பொடி, அடர்ந்த துணிக்கு வெள்ளைப் பொடி. ஒரே ஷீட்டில் இடது கைக்கும் வலது கைக்கும் முதுகுக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். தச்சு வேலையில் நான் தேடிக்கொண்டிருந்த விடையை ஒரு பெண் தினமும் நாலு முறை சர்வசாதாரணமாகச் செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பரவசம் இன்னும் இறங்கவில்லை.

இந்த முறைக்கு இதே கரையில் நீண்ட வயசு இருக்கிறது. 1742இல் கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கே துணியில் ஓவியம் எழுதுகிறவர்களின் வேலையைப் படிப்படியாக விளக்கும் கடிதம் அது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பது, மரக்கட்டையால் அடித்து மழமழப்பாக்குவது, பிறகு காகிதத்தில் வரைந்த உருவின் கோடு நெடுக ஊசியால் குத்தித் துணிமேல் வைத்துக் கரித்தூள் முடிச்சால் தட்டுவது. எல்லாம் அதில் இருக்கிறது. ஐரோப்பா மயங்கிக் கிடந்த சோழமண்டலப் பூத்துணி அப்படித்தான் தொடங்கியது. எங்களுக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்து வாங்கியதும் இந்தத் துணிகளைத்தான். திருவொற்றியூருக்குப் பக்கத்துக் காலடிப்பேட்டையே, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு. இந்தக் கரையில் ஊசிக்குத்தும் பொடியும் துணியோடு ஊறியவை. அவர்கள் வெள்ளைத் துணியில் கரித்தூளைத் தட்டினார்கள். நான் கறுத்த மரத்தில் வெள்ளைத் தூளைத் தட்டுகிறேன். நிறம்தான் தலைகீழ், கையசைவு அதே கையசைவு. நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது.

மரத்துக்காக அக்காவின் முறையில் சிலவற்றை மாற்ற வேண்டியிருக்கிறது. அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெற்றி முழுக்க இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

முதலில் மண்ணெண்ணெயை விட்டுவிடுங்கள். துணியில் அது ஆவியாகிப் போய்விடும். மரத்தில் உள்ளே இறங்கித் தங்கும், பிறகு பாலிஷ் பிடிக்காது. மரத்துக்கு உலர்ந்த பொடிதான். ஜிங்க் பவுடர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் எனக்குப் பிடித்தது சாதாரணப் பள்ளிக்கூடச் சாக்பீஸ். அதை அம்மியில் நுணுக்கி, வேட்டித் துணியில் சலித்தால் மாவு போல இறங்கும். அதை இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் எலுமிச்சை அளவு கட்டினால் முடிச்சு தயார். பழைய காலுறையும் ஆகும். முடிச்சை ஒரு முறை கையில் தட்டிப் பாருங்கள், உள்ளங்கையில் மெல்லிய வெள்ளைப் படலம் விழ வேண்டும். கட்டியாக விழுந்தால் துணி போதாது, இன்னொரு மடிப்புப் போடுங்கள். மழைக்காலத்தில் எங்கள் ஊர்க் காற்றில் பொடி ஈரம் இழுத்துக் கட்டிகட்டும். தட்டில் பரப்பி வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதிரும்.

அடுத்தது தாள். மெல்லிய பட்டர் பேப்பர் ஒரு தடவைக்குத்தான் தாங்கும். கனமான ட்ரேசிங் ஷீட் வாங்குங்கள். டிசைனை வரைந்த பிறகு, தாளுக்கு அடியில் மடித்த கம்பளியோ தெர்மாகோலோ வைத்து, ஊசியைச் செங்குத்தாக நிறுத்திக் குத்த வேண்டும். மெல்லிய தையல் ஊசியை ஒரு குச்சியின் நுனியில் செருகிக்கொண்டால் விரல் வலிக்காது. வளைவுகளில் நெருக்கமாக, மில்லிமீட்டருக்கு ஒன்றாக. நேர்கோட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுக்கூடக் குத்தலாம். இரண்டு கோடு சேரும் இடத்திலும், இலை நுனியிலும், கண்ணின் இரண்டு ஓரத்திலும் கட்டாயம் ஒரு குத்து விழ வேண்டும். அந்த இடங்களில் புள்ளி தப்பினால் பிறகு எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாது. புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: புள்ளி சரியாக விழுந்தால் கோடு தானாக வந்து சேரும். நீளமான கரை டிசைன் என்றால் தையல் மெஷினில் நூல் கோர்க்காமல் ஓட்டியே குத்திவிடலாம். ஆரி வேலைக்காரர்களிடம் இதற்கென்றே குத்தும் மெஷின் இருக்கிறது. சிக்கலான யாளி, கொடிக்கருக்கு போன்றவற்றுக்கு அவர்களிடம் கொடுத்துக் குத்தி வாங்குவதில் தவறே இல்லை.

குத்தி முடித்ததும் தாளைத் திருப்பித் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். ஊசி தள்ளிய பிசிறு அது. 320 நம்பர் உப்புத்தாளால் அந்தப் பக்கத்தை மெல்லத் தேய்த்துவிட்டால் துளைகள் எல்லாம் வாய் திறந்துகொள்ளும். இதைச் செய்த ஷீட்டுக்கும் செய்யாத ஷீட்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது. செய்யாத ஷீட்டில் பொடி பாதி துளைகளில் அடைத்துக்கொள்ளும். செய்ததில் ஒவ்வொரு புள்ளியும் குண்டூசித் தலை போல விழும்.

பலகைக்கும் ஒரு தயாரிப்பு உண்டு. தேக்கும் ஈட்டியும் திறந்த நுண்துளை மரங்கள். வெள்ளைப் பொடி அந்தத் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் கடைசியில் பாலிஷ் போடும்போது நரைத்த மாதிரி தெரியும். அதனால் இழைத்துத் தேய்த்த பலகைக்கு நீர்த்த அரக்குப் பாலிஷ் ஒரே ஒரு கை கொடுத்துக் காயவிடுங்கள். துளை மூடிவிடும், பொடி மேலேயே நிற்கும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். இந்த ஒரு கை அரக்கு தரும் நிம்மதிக்கு விலையே இல்லை. மரத்தின் நிறமும் அப்போதே எழுந்து வந்துவிடும், செதுக்கப் போகிற ஆசையும் கூடவே எழும்.

இப்போது மையக்கோடு. தச்சர்கள் நூல் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காவியோ நீலமோ தோய்த்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் மரத்தில் கோடு விழும். கறுத்த மரத்துக்கு அதையே சாக்பீஸ் தூளில் புரட்டிச் சுண்ட வேண்டும். குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு. ஷீட்டிலும் அதே இரண்டு கோட்டைப் போட்டு வைத்திருந்தால் எங்கே வைத்தாலும் நிமிர்ந்து நிற்கும். ட்ரேசிங் ஷீட் ஈரக் காற்றில் கொஞ்சம் நீளும் குணமுடையது. கதவு நீளத்துக்குப் பெரிய டிசைன் என்றால், மழைநாளில் ஒரு முனையில் பொருந்தினால் மறு முனையில் தள்ளி நிற்கும். அதற்குப் பிளாஸ்டிக் ஷீட்டில் குத்திக்கொள்வது நல்லது. கடல் பக்கத்தில் இருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

ஷீட்டை நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மத்தியானத்துக்கு மேல் எங்கள் பக்கம் கடற்காற்று எழும், அதனால் நான் இந்த வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வேன். முடிச்சால் முதலில் தட்டவேண்டும், பிறகு மெல்ல வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, புள்ளி மங்கலாக இருந்தால் மறுபடி இறக்கித் தட்டலாம். டேப் பிடித்திருப்பதால் இம்மிகூட நகராது. இந்தச் சௌகரியம் கார்பன் தாளில் கிடையவே கிடையாது!

தாளை எடுத்ததும் புள்ளிகளை நிலைநிறுத்த வேண்டும். ஒரு தும்மல் வந்தாலும் அன்னம் பறந்துவிடும். வெள்ளைக் கலர் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு புள்ளிக்குப் புள்ளி கோடு சேர்த்துக்கொண்டே வாருங்கள். வெள்ளை ஜெல் பேனாவும் நன்றாகவே எழுதும், நுணுக்கமான இடங்களுக்கு அதுதான் கைகொடுக்கிறது. இதில் நான் சொக்கிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. கார்பனில் படி எடுக்கும்போது கை ஏற்கெனவே போட்ட கோட்டின் மேல் அடிமையாக ஊர்ந்து போகும். புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகும்போது கை மறுபடியும் வரைகிறது. வளைவுக்கு மூச்சு வருகிறது. ஒரே ஷீட்டிலிருந்து எடுத்த இரண்டு அன்னங்கள் அச்சடித்த மாதிரி இருக்காது. அளவு ஒன்று, நடை வேறு. கைவேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் தீர்மானமான கருத்து.

சமச்சீர் விஷயத்துக்கு வந்தால் எனக்குப் பேச்சை நிறுத்தத் தெரியாது. நிலைக்கு மேலே கஜலட்சுமிப் பலகை, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும் யாளி, நடுவில் தாமரை. நம் மரபில் பாதிக்கு மேல் இப்படி இடமும் வலமும் எதிரெதிர் நிற்கும் டிசைன்தான். இடது பாதியை மட்டும் வரையுங்கள். ஷீட்டை மையக்கோட்டில் மடியுங்கள். இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்துங்கள். விரித்தால் வலது பாதி தானாக வந்திருக்கும். ஒரே ஓர் அன்னத்தைக் குத்தி, ஷீட்டைப் புரட்டி வைத்துத் தட்டினால் எதிர்ப்பக்கம் பார்க்கும் அன்னம். ஒரு பூவைக் குத்தி வைத்துக்கொண்டு பலகை நெடுகத் தள்ளித் தள்ளித் தட்டினால் பூப்பட்டை. சீனாவின் தூன்ஹுவாங் குகைக் கோயில்களில் ஆரல் ஸ்டெயின் 1907இல் கண்டெடுத்த பழஞ்சுவடிக் குவியலில் ஊசி குத்திய புத்தர் உருவத் தாள்களும் இருந்தன. ஆயிரம் வருஷப் பழமை. அவற்றில் ஒன்றில் பாதி உருவம்தான் மையால் வரையப்பட்டிருக்கிறது, மறுபாதி வெறும் ஊசிக்குத்து. மடித்துக் குத்தியிருக்கிறார்கள்! குகைக் கூரையில் நூற்றுக்கணக்கில் புத்தரை வரிசையாக நிறுத்த அந்தக் கலைஞன் கண்டுகொண்ட வழியும் நம் தெரு ஆரி வேலைக்காரர் வழியும் ஒன்று. இத்தாலியில் ராஃபேல் ஏதென்ஸ் கல்விக்கூடச் சுவரோவியத்துக்காகத் தயாரித்த முழு அளவுத் தாள் இன்னும் மிலான் நகரத்தில் இருக்கிறது. எட்டு மீட்டர் அகலம், கோடு நெடுக ஊசிக்குத்து. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு ஊசியைக் கையில் எடுத்தால் தனியாக உட்கார்ந்திருப்பதாகவே தோன்றுவதில்லை.

வேறு வழிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. தையல் பொருள் கடைகளில் வெள்ளை, மஞ்சள் கார்பன் தாள் கிடைக்கிறது. ஒரே ஒரு தடவை போடும் சின்ன டிசைனுக்கு அது போதும். ஆனால் மெழுகுப் பிசுக்கு இருப்பதால் பாலிஷுக்கு முன் நன்றாகத் துடைக்க வேண்டும். காகிதத்தை மரத்தின் மேல் ஒட்டிவிட்டு அதோடு சேர்த்தே வெட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மரத்தின் வரி காகிதத்தின் அடியில் மறைந்துவிடும், உளி எந்தப் பக்கம் பிளக்கும் என்று தெரியாது. ஈட்டியின் கறுப்பு வரி அன்னத்தின் இறகோடு சேர்ந்து ஓடும்படி ஷீட்டைக் கொஞ்சம் அப்படி இப்படி நகர்த்தி வைக்கும் சுகமும் போய்விடும். பலகைக்கு வெள்ளை போஸ்டர் கலர் அடித்து அதன் மேல் சாதாரணக் கார்பன் போடுவது இன்னொரு முறை. ஆழமாகச் செதுக்கும் வேலைக்கு ஆகும். கம்ப்யூட்டர் மெஷினில் கடைந்த கதவுகள் இப்போது எங்கும் வந்துவிட்டன, அது தனித் தொழில். அரும்பாவூர், தம்மம்பட்டி, கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் உளியை நம்பி வாழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கைகள் இருக்கும்வரை கோட்டை மரத்தில் இறக்கும் இந்தக் கலையும் இருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

உருவச் சிற்பத்துக்கு இந்த முறை ஓரளவுக்குத்தான். சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னங்கீற்றை மடித்து மடித்து அளவு பிடிக்கிறார்கள், ஒடியோலை என்பார்கள். உத்தம தச தாளத்தில் உருவம் முழுமைக்கும் 124 பங்கு. முழு உருவத்துக்கு அந்தக் கணக்குத்தான் வழி. பலகையில் மேலோட்டமாக எழும் புடைப்புச் செதுக்குக்கும், கதவு, பூஜை அலமாரி, ஊஞ்சல், நிலைப்படி வேலைக்கும் புள்ளித்தாளை மிஞ்ச ஒன்றுமில்லை. வளைந்த பரப்பிலும் அது ஒத்துழைக்கும். ஊஞ்சல் பலகையின் உருண்டை ஓரத்தில் தாளைச் சுற்றி ஒட்டித் தட்டிவிடலாம். கார்பன் அங்கே சுருங்கிக் கசங்கும்.

கோடு நின்றதும் முதல் வேலை, வி வடிவ உளியால் வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒரு மெல்லிய வாய்க்கால் கீறுவது. கொட்டாப்புளி வேண்டாம், கையழுத்தம் போதும். கறுத்த தோலுக்கு அடியில் மரம் இன்னும் புதிசாக, சிவப்பாக இருக்கும். வெள்ளைக் கோடு மறைந்து அந்த இடத்தில் செம்பழுப்புக் கோடு ஓடும். இனி பொடி போனாலும் பயமில்லை, டிசைன் மரத்துக்குள் போய்விட்டது. பின்னணியை இறக்கும் வேலையைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். ஈட்டித் தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி போடாமல் உட்காராதீர்கள். விளக்கை எப்போதும் பக்கவாட்டில், தாழ வையுங்கள். வெள்ளைக் கோடு மேலிருந்து வரும் வெளிச்சத்திலும் தெரியும், வெட்டின் ஆழம் பக்கத்து வெளிச்சத்தில்தான் தெரியும்.

குத்திய ஷீட்டுகளை எறியாதீர்கள். சுருட்டினால் துளை ஓரம் கிழியும். தட்டையாக, அட்டைகளுக்கு நடுவில் வைத்து, மூலையில் எந்த மரத்துக்கு எப்போது போட்டது என்று எழுதி வையுங்கள். என்னிடம் இப்போது அன்னம், யாளி, கொடிக்கருக்கு, எட்டிதழ்த் தாமரை, திருவொற்றியூர்க் கோயில் தூண் ஒன்றைப் பார்த்து வரைந்த பூப்பந்தல் எல்லாம் ஒரு கட்டாகச் சேர்ந்திருக்கின்றன. போன முகூர்த்த சீசனில் எதிர்வீட்டு அக்கா வந்து அந்தக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். யாளி ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இத எனக்குக் குடு தம்பி. மெரூன் பட்டுல முதுகுல ரெண்டு பக்கமும் நிக்க வெச்சு, நடுவுல தாமரையப் போட்டா எப்டி இருக்கும் தெரியுமா?” கதவுக்கென்று பெரிதாக வரைந்திருந்ததால் ஜெராக்ஸ் கடையில் பாதியாகச் சுருக்கி, புது ஷீட்டில் அவரே குத்திக்கொண்டார். மண்ணெண்ணெயும் ஜிங்க்கும் குழைத்து இழுத்தார். மெரூன் பட்டில் என் யாளி பளிச்சென்று விழுந்தது. பதிலுக்கு அவர் கொடுத்த மாங்காய்க் கொடி ஷீட் பழைய பர்மா தேக்குச் சட்டம் ஒன்றுக்கு அளந்து செய்தது போலப் பொருந்துகிறது. நூல் அடித்தாகிவிட்டது, பொடியும் வெயிலில் காய்கிறது. நாளைக் காலையில் தட்டப் போகிறேன்.